ஒரு சாண் கட்டுக்கம்பி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பேனா பிடித்துப் பழக்கமில்லை. பத்தாவது கணக்குப் பரீட்சை அன்று பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு லாரி டயர் வெடித்து நின்றது. அதைக் கழற்றுவதை வேடிக்கை பார்க்க நின்றேன். பரீட்சையும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. அதற்குப் பிறகு நான் முழுசாக எழுதிய ஒரே தாள், போன மழைக்காலத்தில் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். "கம்பியைக் கட்டியது நான்தான்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்தத் தாளில் அதற்கு மேல் இடமில்லை. மிச்சம் இங்கே.

நெய்வேலி டவுன்ஷிப்பை விட்டு வடலூர் போகிற ரோட்டில் என் மாமாவுக்கு டயர் கடை. நான் அங்கே வேலை பார்க்கிறேன். மாமா கேட்டால் "வேலை பாக்கறானா, வாய் பாக்கறானா?" என்பார். அது உண்மைதான். காற்றடிக்க வருகிறவர்களை ஒரு வார்த்தை சீண்டாமல் நான் அனுப்பியதில்லை.

நான் அதிகமாகச் சீண்டியது என் நண்பனைத்தான். பெயர் வேண்டாம், போட்டால் அடிக்க வருவான். சின்ன வயதில் ஒரே பிளாக்கில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். அவன் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட், அவன் காண்ட்ராக்ட். ஒரு காண்ட்ராக்டரின் பழைய ஜீப்பை ஓட்டுகிறான். மைன்ஸ் கேட்டிலிருந்து காண்ட்ராக்ட் ஆட்கள் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கீழே சுரங்கத்தில் இறக்கிவிடவேண்டும், ஷிப்ட் முடிந்ததும் மேலே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் வேலை. நிதானமான ஆள். ஆளில்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புவான். "உங்க வூட்டுக்குள்ள போறதுக்கும் இண்டிகேட்டர் போடுவியாடா?" என்று கேட்பேன். "போடறேன், நீ பின்னாடி வந்து இடிச்சிக்காம இருந்தா சரி" என்பான்.

மழை ஆரம்பித்ததும் அவனுக்குத் தொல்லை வந்தது. கீழே களிமண். காய்ந்தால் கல், நனைந்தால் அல்வா. பெரிய வண்டிகள் போய்ப் போய்ப் பள்ளமான தடத்தில் ஜீப்பின் வயிறு தட்டி நின்றுவிடும். பத்துப் பேரும் இறங்கித் தள்ளவேண்டும். இரண்டு நாள் ஆட்கள் ஷிப்டுக்கு லேட். மூன்றாவது நாள் காண்ட்ராக்டர் வேறு டிரைவர் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

கடைக்கு வந்து சோகமாக உட்கார்ந்தான்.

"பெரிய டயர் போட்டுடு மச்சான்" என்றேன். "ரெண்டு சைஸ் தூக்கி. மண்ணக் கடிச்சிக்கற மாதிரி நல்லா பெரிய பட்டன். களிமண்ணுல வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போவும்."

"இந்த ஜீப்புக்கு அது ஒக்காருமாடா?"

"நான் ஒக்கார வெக்கறேன்."

நான் போனில் நிறைய வீடியோ பார்த்திருந்தேன். மலையில், சேற்றில், ஆற்றில், பெரிய பெரிய டயர் போட்ட வண்டிகள். அப்படி ஒன்றை என் கையால் மாட்டவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவனுக்குத் தேவை இருந்தது, எனக்கு ஆசை இருந்தது. இரண்டும் சேர்ந்தால் யார் யோசிக்கிறார்கள்? டயர் மாட்டிய அன்றைக்கு மாமா குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் மாட்ட விட்டிருக்கமாட்டார். அதனால்தான் அவனை அந்த நாளில் வரச் சொன்னேன்.

பின் சக்கரங்கள் இரண்டும் சுலபமாக ஏறின. மட்கார்டு ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினேன். முன் சக்கரம்தான் இடித்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் உள்பக்கம் பிரேக் ஹோஸைத் தொட்டது. பிரேக் ஹோஸ் என்பது விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். பெடலை மிதித்தால் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். தொட்டது என்றால் பலமாக இல்லை, பூனை வந்து காலில் உரசுகிற மாதிரி.

"தொடுதுடா" என்றான் அவன், குனிந்து பார்த்து.

"தொட்டா என்னா, கல்யாணமா பண்ணிக்கப் போவுது?"

ஒரு சாண் கட்டுக்கம்பி எடுத்தேன். கட்டடத்தில் இரும்புக் கம்பிகளைச் சேர்த்து முறுக்குவார்களே, அந்தக் கம்பி. ஹோஸைச் சுற்றிப் பின்னால் இழுத்து, சேஸிஸோடு சேர்த்துக் கட்டி, கட்டிங் பிளேயரால் இரண்டு முறுக்கு. அந்தப் பக்கமும் அதே மாதிரி. மறுபடி ஒடித்துப் பார்த்தோம். தொடவில்லை. ஆனால் வண்டி அப்போது காலியாக இருந்தது. பின்னால் ஒரு ஆள் கூட உட்கார்ந்திருக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

இறக்கி நிறுத்தியதும் ஜீப்பைப் பார்க்கவே சிரிப்பாக இருந்தது. "அப்பன் செருப்ப மாட்டிகினு நடக்கற பய மாதிரி இருக்குடா உன் வண்டி" என்றேன். அவனும் சிரித்தான்.

புது டயர் என்றால் முதல் தடவை நகரும்போது எலுமிச்சம்பழம் நசுக்காமல் எந்த வண்டியும் எங்கள் கடையை விட்டுப் போகாது. நண்பன் குடும்பம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். ஆனால் காண்ட்ராக்டர் நாலு பழம் கொடுத்தனுப்பியிருந்தார். நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தேன்.

"மேல ஜெபமால, கீழ எலுமிச்சம்பழம். ரெண்டு பக்கமும் இன்சூரன்ஸ் போட்டாச்சு, எடு மச்சான்."

எங்கள் கடை வாசலில் இடம் குறைவு. ரோட்டுக்கு வரவேண்டும் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத்தான் எடுக்கவேண்டும். எடுத்தான். பழங்கள் நசுங்கின. கூடவே முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. க்ரீச் என்று, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி.

பிரேக் போட்டு நிறுத்தினான். "என்னாடா சத்தம்?"

"பழம் அழுவுதுடா. நாலு பேரு மேல ஏறுனா நீ அழ மாட்டியா?"

தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தான். கீழே நசுங்கிய பழம், விதை, சாறு. திருப்தியாகிப் போய்விட்டான். நானும் அதைப் பழத்தின் சத்தம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் யாராவது புது டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தால், வண்டி நகரும்போது நான் கடைக்கு உள்ளே போய்விடுகிறேன்.

அடுத்து நான் செய்ததை வாக்குமூலத்தில் எழுதவில்லை.

அன்று சாயங்காலமே வண்டியை டவுன்ஷிப்பில் ஓட்டிப் பார்த்தோம். அங்கே ரோடெல்லாம் கோடு போட்ட நோட்டு மாதிரி நேராக, சமமாக இருக்கும். ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் மழையில் கீழே இறங்கியவன் ஒரு இடத்திலும் நிற்கவில்லையாம். ஆட்களெல்லாம் கைதட்டினார்களாம். போனில் அவன் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள், ஷிப்ட் முடிந்த ஆட்களை அன்றைக்கு மட்டும் வடலூரில் இறக்கிவிடப் போய்க்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன்.

"மச்சான், கோவப்படாத. முந்தாநேத்து மாட்டுனதுல ஒரு நட்டு என் கையில மிச்சம் இருக்கு. எந்த வீல்னு தெரியல."

அந்தப் பக்கம் உடனே பிரேக் போடுகிற சத்தம். அவன் வண்டியை ஓரம் கட்டி, ஆட்களை இறக்கி, ஸ்பேனரை எடுத்து நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டாகத் தொட்டு எண்ணியிருக்கிறான். எல்லாம் சரியாக இருந்தது. நான் இங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சாயங்காலம் கடைக்கு வந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

"என்கிட்ட என்னா வேணா விளையாடு" என்றான். "வண்டியில மட்டும் விளையாடாத. எனக்குப் பின்னாடி பத்து பேரு ஒக்காந்துகினு வராங்க."

"சரிப்பா, பெரிய மனுஷன்."

"சத்தியம் பண்ணு."

"சத்தியமா."

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை "ஆக்ஸில்ல விரிசல் பார்த்தேன்டா, சொல்ல மறந்துட்டேன்" என்றேன். அப்போதும் சத்தியம் செய்துதான் சொன்னேன். அவன் நம்பிக் கீழே படுத்துப் பார்த்தான். சட்டை முழுக்கச் சேறாம். இதையும் வாக்குமூலத்தில் எழுதவில்லை.

ஜீப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே இரண்டொரு பேச்சு வந்தது. "பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குதுடா" என்று ஒரு நாள் சொன்னான். பெரிய செருப்பு போட்டால் நிற்கவும் நேரமாகும் என்றேன். பெரிய டயர் போட்டால் அப்படித்தான், அதில் பொய் இல்லை. இன்னொரு நாள், "ஸ்பீடு முள்ளு கம்மியா காட்டுது, வண்டி வேகமா போவுது" என்றான். அதுவும் பெரிய டயர் செய்கிற வேலைதான். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் சரியான பதில் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவனும் கேட்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். உள்பக்கமெல்லாம் களிமண் அப்பிக் காய்ந்து, மாவுக்கட்டு போட்ட மாதிரி மூடியிருக்கும்.

அவன் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு இன்னொரு ஜீப் டிரைவரும் வந்து அதே டயர் போட்டுக்கொண்டு போனார். அவன் போட்ட பத்து நாள் கழித்து, மாமா கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து. அதே இடத்தில் தொட்டது, அதே கட்டுக்கம்பி, அதே இரண்டு முறுக்கு.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்த நேரம், அந்த இரண்டாவது ஜீப் கடை வாசலுக்கு மெதுவாக வந்து, மண் குவியலில் முட்டி நின்றது. டிரைவர் இறங்கினார். முகம் சரியில்லை.

"என்னாங்க, மண்ணுக்கு முத்தம் குடுக்கறீங்க?"

"பெடலு உள்ள போவுது தம்பி. மூணு தடவ அமுக்குனாத்தான் நிக்குது."

ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினேன். காய்ந்த களிமண்ணை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன். ஓடு மாதிரி பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஹோஸ் தெரிந்தது. நான் கம்பி கட்டியிருந்த இடத்தில் ரப்பரே இல்லை. வெள்ளை நூல் மட்டும் தெரிந்தது, அதுவும் பாதி அறுந்திருந்தது. அதில் எண்ணெய் வியர்வை மாதிரி கோத்திருந்தது.

அப்போதுதான் புரிந்தது. ஆள் ஏறினால் வண்டி உட்காரும். உட்கார்ந்தால் ஹோஸ் வளையும். வளைகிற இடத்தில் என் கம்பி இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு இழுப்பு. முதல் நாள் வாசலில் அழுததும் பழம் இல்லை. டயர் ஒரு கெடுதலும் செய்யவில்லை. டயரிலிருந்து காப்பாற்ற நான் கட்டிய கம்பிதான் ரம்பம் மாதிரி அறுத்திருக்கிறது. இது பத்து நாள் பின்னால் போட்ட வண்டி. அப்படியானால் அவன் வண்டியில் என்ன மிச்சம் இருக்கும்?

மணியைப் பார்த்தேன். ஒன்றரை தாண்டியிருந்தது. இரண்டு மணிக்கு செகண்ட் ஷிப்ட். அவன் இந்நேரம் கேட்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருப்பான்.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"சொல்றா."

"மச்சான், வண்டிய எறக்காத. பிரேக் ஹோஸ் அந்துபோவும். நிறுத்திடு."

பின்னால் ஆட்கள் ஏறுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். பிறகு கேட்டான்: "எந்த வீலுன்னு தெரியலியா?"

"டேய், விளையாட்டு இல்லடா. நான் கட்டுன கம்பி அறுக்குது. இன்னொரு ஜீப்பு வந்து நிக்குது, கண்ணால பார்த்தேன். சத்தியமா."

"போன தடவயும் சத்தியந்தான்டா."

"உங்கம்மா மேல சத்தியம்."

"எங்கம்மாவ எதுக்குடா இழுக்கற?" போனைத் தள்ளிப் பிடித்து யாரிடமோ சொன்னான், எனக்குக் கேட்டது. "டயர் கடைக்காரன். இன்னைக்கு பிரேக்காம்." ஜீப்புக்குள் பத்துப் பேரும் சிரித்தார்கள். ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது, வயசான குரல்: "நாளைக்கு ஸ்டியரிங்க காணோம்பான் பாரு."

போன் கட்டாகியது. திரும்பக் கூப்பிட்டேன். அணைத்திருந்தான். கீழே இறங்கும்போது போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிடுவது அவன் வழக்கம். சொன்னேனே, நிதானமான ஆள்.

பைக்கை எடுத்தேன். கேட் வரைக்கும் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கேட்டில் செக்யூரிட்டி கையைக் குறுக்கே நீட்டினார்.

"பாஸ் இருக்கா தம்பி?"

"இல்லைங்க. உள்ள போவணும்னு இல்லைங்க. இப்ப போச்சே ஒரு ஜீப்பு, பெரிய டயரு போட்டது, அத நிறுத்தச் சொல்லுங்க. பிரேக் புடுங்கிக்கும்."

அவருக்கு என்னைத் தெரியாது. நல்லவேளை. என் முகத்தைப் பார்த்தார், யார் என்ன என்று கேட்கவில்லை, வாக்கிடாக்கியை எடுத்துப் பேசினார். ஜீப் நம்பர் கேட்டார். சொன்னேன். மறுபடி பேசினார். அந்தப் பக்கம் கரகரவென்று ஏதோ சொன்னார்கள்.

"சரிவுல எறங்கிகினு இருக்காம். வண்டிய நிறுத்தக் கீழ ஆளு நிக்க வெக்கறாங்க" என்றார்.

கேட்டிலிருந்து பார்த்தால் சுரங்கம் தெரியாது. தூரத்தில் மண் மேடு, அதற்கு மேல் வானம். எங்கிருந்தோ கன்வேயர் ஓடுகிற சத்தம் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. வெயில் நன்றாக அடித்தது, மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. தரை காய்ந்தால் வண்டி இன்னும் வேகமாகத்தான் போகும் என்று நினைத்தேன். முள் கம்மியாகத்தான் காட்டும். பத்துப் பேரின் கனத்தில் வண்டி உட்கார்ந்திருக்கும். முதல் வளைவு வரும். முழுக்க ஒடிப்பான்.

இரண்டு மணி சங்கு ஊதியது.

வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது. செக்யூரிட்டி அதைக் காதோடு வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அவர் திரும்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. எங்களைத் தாண்டிக் கீழே போனது. அவரே போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லன்றாங்க" என்றார், கட்டையை இறக்கும்போது. "ஒக்காரு தம்பி."

நான் உட்காரவில்லை. ஆம்புலன்ஸ் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வளைவில் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டதாம். பழைய ஜீப், ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மண் மேடு. கியரைக் குறைத்து, மேட்டுப் பக்கம் ஒடித்து ஏற்றியிருக்கிறான். பெரிய டயர் ஆயிற்றே, நன்றாகப் பிடித்து ஏறியிருக்கிறது. ஏறி, சாய்ந்து, பக்கவாட்டில் படுத்துவிட்டது. அவனுக்கு வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, தையல். ஒருவருக்கு மட்டும் முழங்கை வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

மறுநாள், மேலே இழுத்து வந்த ஜீப்பிலிருந்து கழற்றிய அறுந்த ஹோஸையும் இரண்டாவது ஜீப்பின் ஹோஸையும் நானே கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷன் மேசையில் வைத்துவிட்டுத்தான் அந்த வாக்குமூலத்தை எழுதினேன். மாமா வாசலில் நின்றார். கடைக்கு வந்ததும் அங்கே இருந்த கட்டுக்கம்பிச் சுருளைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

முழங்கை போனவர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கையை மடக்க முடியாமல் நீட்டியே வைத்திருந்தார். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"போன்ல பேசுனது நீதானா?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

"ஆமாங்க."

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார், கோபம் எல்லாம் இல்லை: "நல்லா சிரிச்சோம்பா அன்னைக்கு."

எவனை வேண்டுமானாலும் வாயடைக்க வைப்பேன் என்று பேர் எடுத்தவன் நான். தண்ணீர் சொம்பை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி இடது பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

நண்பன் இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறான். மைன்ஸ் வேலை போய்விட்டது. வடலூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற சின்ன வண்டி ஓட்டுகிறான். போன வாரம் டயர் மாற்ற எங்கள் கடைக்குத்தான் கொண்டுவந்தான். ஊரில் வேறு கடை இல்லாமல் இல்லை. சாவியை என் கையில் கொடுத்தான்.

"பழைய சைஸே போடு."

"சரிடா."

முன்பெல்லாம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வம்பளப்பான். அன்றைக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். வண்டி டயரைப் பார்த்து இரண்டு மூன்று கிண்டல் என் வாய் வரைக்கும் வந்தது. சொல்வதற்குப் பக்கத்தில் ஆளில்லை.

நாலு சக்கரமும் மாட்டினேன். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை முறுக்கினேன். வண்டியின் பின்னால் ஆறு மூட்டை மணலை ஏற்றி, உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மணலை இறக்கினேன். கை கழுவினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான், கூப்பிட்டால் கேட்கும். ஆனாலும் போனில் மெசேஜ் அடித்தேன்: "முடிஞ்சுது மச்சான். நட்டெல்லாம் டைட். ஹோஸ் எதுலயும் படல. கம்பி எங்கயும் இல்ல. இந்தத் தடவ நெஜமாவே பார்த்துட்டேன்."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பது தெரிந்தது. திரும்பவில்லை. என் போன் ஒரு தடவை அதிர்ந்தது.

"போட்டோ எடுத்து அனுப்பு."